விரல்களைக் காக்கும் கணக்கு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-இல். அந்தப் பெருமை முழுக்க உளி பிடிக்கும் கைகளுக்குச் சேர வேண்டியது. ஆனால் உளி மரத்தைத் தொடும் முன்பே அந்தக் கை இன்னொரு கருவியைக் கடக்க வேண்டியிருக்கிறது. நிலை, சட்டம், பீடம், பூஜை மண்டபம் எதுவானாலும், அளவுக்கும் கோணத்துக்கும் மரத்தை அறுக்க இன்று பல பட்டறைகளில் இருப்பது ‘காம்பவுண்ட் மைட்டர் சா’. மேடையைத் திருப்பினால் ஒரு கோணம், பிளேடைச் சாய்த்தால் இன்னொரு கோணம். இரண்டையும் ஒரே வெட்டில் தருவதால்தான் அது ‘காம்பவுண்ட்’.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பில் உள்ள பல் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆபத்தைக் கண்டு கையை இழுக்க நமக்குக் குறைந்தது 0.2 நொடி பிடிக்கும். அதற்குள் பிளேடு 16 முறை சுற்றிவிடும். 60 பல் பிளேடு என்றால் 960 பற்கள் அந்த இடத்தைக் கடந்திருக்கும். ‘சட்டென்று கையை எடுத்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்காது. அனுபவத்தால் கை பழகும். நரம்பின் வேகம் அந்த அளவுக்குக் கூடாது.

மரம் அசைந்தால்தான் வினை

பல விபத்துகளுக்கு மூலம் மரத்தின் அசைவு. பிளேடின் பற்கள் மரத்தைக் கீழேயும் பின்னாலும் தள்ளுகின்றன. மரம் மேடையிலும் பின்தடுப்பிலும் இடைவெளியின்றிப் பதிந்திருந்தால் அந்த விசையைத் தடுப்பு வாங்கிக்கொள்ளும். வளைந்த பலகையாக இருந்து நடுவில் இடைவெளி விழுந்தால், வெட்டு முடியும் நேரத்தில் மரம் மடங்கிப் பிளேடைக் கவ்வும். அடுத்த கணம் மரம் எகிறும்; பிடித்திருந்த கை பிளேடை நோக்கி இழுபடும்.

சரியாக உலராத மரமும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்த பலகையும் இப்படி வளையக்கூடியவை. அறுக்கும் முன் பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஓரத்தைப் பாருங்கள். வளைவின் முதுகு பின்தடுப்பைத் தொடும்படி வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

பிளேடுக்கு இரு புறமும் 15 சென்டிமீட்டருக்குள் கை போகக் கூடாது. அதைவிடக் குட்டையான துண்டைக் கையால் பிடிக்கவே கூடாது. கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிப்பதும், கையுறை போடுவதும் ஆபத்து. நூல் சிக்கினால் கையும் கூடவே போகும். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே இறக்க வேண்டும். வெட்டு முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகே தூக்க வேண்டும். சுழலும் பிளேடு மேலே வரும்போதுதான் அறுந்த துண்டு சிக்கிப் பறக்கிறது. முன்னும் பின்னும் நகரும் வகை எந்திரத்தில், தலையை முதலில் நம் பக்கம் இழுத்து, இறக்கி, பின்னோக்கித் தள்ளி அறுப்பதே சரி. இழுத்தபடி அறுத்தால் பிளேடு மரத்தின் மேல் ஏறி நம்மை நோக்கிப் பாயும்.

கோணம் பிசகினால்

நாற்புறமும் 45 டிகிரி சரியும் மண்டபக் கூரைக்குப் பலகையைப் படுக்கவைத்து அறுக்க, மேடையை 35.3 டிகிரி திருப்பி, பிளேடை 30 டிகிரி சாய்க்க வேண்டும். இரண்டையும் 45 என்று வைத்தால் மூலை சேராது. சாதாரணப் படச்சட்டத்திலும் நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி இடைவெளி தெரியும். அப்போதுதான் ‘ஒரு நூல் சீவிவிடலாம்’ என்று சின்னத் துண்டைக் கையால் பிடித்து மறுபடி அறுக்கிறோம். விரல் போகும் வேளை அது.

ஆகவே அளவு சரிபார்ப்பதும் பாதுகாப்புதான். மூலைமட்டத்தைப் பிளேடின் பல்லில் படாமல் உடலோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு, இரு ஓரமும் இணையான பலகை ஒன்றை 90 டிகிரியில் அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டி வைத்து வெட்டுமுகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், எந்திரத்தின் பிசகு அதில் பாதி.

மழுங்கிய பிளேடு சூடேறி மரத்தைக் கருக்கும். அழுத்தி அறுக்கத் தூண்டும். மரப்பிசின் படிந்தாலும் இதே கதைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து மாட்டுங்கள். பெரும்பாலான மாடல்களில் பிளேடு போல்ட் எதிர்மரை கொண்டது. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிளேடை மறைக்கும் கார்டு தானாக மூடுகிறதா என்று தினமும் பாருங்கள். அதைக் கயிறு கட்டித் தூக்கி வைக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகத்தில் துண்டைக் கட்டினால் போதாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பானும் வேண்டும்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் நீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

இதே கள்ளக்குறிச்சியில் உள்ள கருணாபுரத்தின் பெயரை 2024 ஜூனில் நாடே துயரத்தோடு கேட்டது. மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சம்பாதிக்கும் ஓர் ஆள் போனால் கூலிக் குடும்பம் என்ன ஆகும் என்பதை அந்தத் தெருக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் இழந்த ஆசாரியின் வீட்டிலும் அடுப்பு அணையும். பட்டறை வைத்திருப்பவர்களே, இரண்டு நல்ல கிளாம்ப்பும் ஒரு கூர்மையான பிளேடும் வாங்கிக் கொடுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு சுவிட்சைக் காட்டும் முன் மரத்தைக் கட்டிப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள்.