புலம்பெயர்ந்தோரின் செபமொழி



கோவா என்றதும் போம் ஜேசு பேராலயமும் அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடலும் நம் நினைவுக்கு வருகின்றன. நம்மில் பலர் அங்கே திருப்பயணம் சென்று வந்திருக்கிறோம். ஆனால் அம்மண்ணின் மக்களில் ஏராளமானோர் பிழைப்புக்காக மும்பை, குவைத், லிஸ்பன், டொராண்டோ, இங்கிலாந்தின் ஸ்விண்டன் எனச் சிதறி வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தாயகத்தின் நூல்களும் பாடல்களும் கிடைக்கின்றனவா? இது பண்பாட்டுக் கேள்வி மட்டுமல்ல, விசுவாசத்தின் கேள்வியும்கூட.

யூதப் பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோது மொழி பேசினர், யூதா மொழி அறியாதிருந்தனர் என்று கண்டு நெகேமியா கொதித்தெழுந்தார் (நெகே 13:24). அவருடைய கடுமையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவருடைய வேதனையைப் புரிந்துகொள்ளலாம். முன்னோரின் மொழி மறைந்தால், முன்னோரின் செபமும் பிள்ளைகளுக்கு அந்நியமாகிவிடும்.

கோவா மக்களின் தாய்மொழியாகிய கொங்கணி இந்த ஆபத்தை முன்பே சந்தித்தது. இயேசு சபை குரு தாமஸ் ஸ்டீபன்ஸ் எழுதிய கொங்கணி மறைக்கல்வி நூல் 1622-ல் அச்சானது. ஆனால் 1684-ல் போர்த்துகீசிய அரசு, மக்கள் மூன்று ஆண்டுகளுக்குள் கொங்கணியைக் கைவிட வேண்டும் என ஆணையிட்டது. துறவியர் சிலரும் இதற்குத் துணைநின்றார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கொங்கணி எழுத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர்களில் முன்நின்றவர்கள் கோவாவை விட்டு வெளியேறியவர்களே! எதுவார்து புரூனோ டி சூசா 1889-ல் கொங்கணி இதழ் தொடங்கிய இடம் புனே. 'தியாத்ர்' எனும் கொங்கணி இசை நாடகம் 1892 ஏப்ரல் 17 அன்று முதலில் மேடையேறியது மும்பையில். 'தோர் முயின்யாச்சி ரொட்டி' எனும் பக்தி இதழ் 1915-ல் பிறந்தது கராச்சியில். மும்பையில் கப்பல் வேலைக்காகக் காத்திருந்த கோவா இளைஞர்கள், 'குட்' எனப்பட்ட தங்கள் ஊர் விடுதிகளில் பீடம் அமைத்து, மாலைதோறும் கூடிச் செபமாலை சொன்னார்கள். ஏட்டையும் பாட்டையும் செபத்தையும் அவர்கள் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? கோவா கத்தோலிக்கர் கொங்கணியைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். எனவே வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தையும் பாட்டியின் செபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். பொருள்தான் விளங்காது! வாசிக்க முடிந்தும் செபிக்க முடியாத நிலை இது. ஆகவே பெட்டி பெட்டியாக நூல்களை அனுப்பினால் மட்டும் போதாது. ஒரு பக்கம் கொங்கணியும் மறுபக்கம் பிள்ளைகள் அறிந்த மொழியுமாக நூல்கள் வேண்டும். செபங்களும் பாடல்களும் ஒலிப்பதிவாகக் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை அருகில் அமர்த்தி வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

இது வீண் ஏக்கம் அல்ல. புலம்பெயர்ந்தோருக்கு அவர்களின் மொழியிலேயே மேய்ப்புப்பணி கிடைக்க வேண்டும் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-ல் வெளியிட்ட ஆவணமும், 2004-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரையும் வலியுறுத்துகின்றன. பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. அவரவர் தாய்மொழியில் கேட்கச் செய்தார் (திப 2:6).

நம் பங்குகளிலிருந்தும் பல குடும்பங்கள் வெளிநாடு சென்றிருக்கின்றன. விடுமுறைக்கு வருபவர்கள் திரும்பும்போது ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுக்கிறோம். அந்தப் பெட்டியில் ஒரு திருவிவிலியத்திற்கும் ஒரு செபப் புத்தகத்திற்கும் இடம் ஒதுக்குகிறோமா? தொலைபேசியில் பேரனிடம், "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் நாம், அவனோடு சேர்ந்து தமிழில் ஓர் 'அருள்நிறை மரியே' சொல்கிறோமா?

சிந்திப்போம். தூய ஆவியார் நம்மை வழிநடத்துவாராக.