மாடி டேங்க் தண்ணீரில் எஸ்பிரெஸோ... மெஷினுக்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிடுங்க!

புதிதாக ஒரு கஃபே திறக்கிறார்கள். இன்டீரியருக்கு ஒரு பட்ஜெட், போர்டுக்கு ஒரு பட்ஜெட், சில லட்ச ரூபாயில் பளபளவென்று ஓர் இத்தாலிய எஸ்பிரெஸோ மெஷின். எல்லாம் வந்து இறங்கிய பிறகு கடைசியாக அழைக்கப்படுபவர் பிளம்பர். ‘மாடி டேங்க்ல இருந்து அரை இன்ச் லைன் ஒண்ணு இழுத்துவிட்டா போதும் சார்’ என்று அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார்.

முதல் மாதம் எல்லாம் ஜோர். அப்புறம் மெஷினுக்குள் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஒரு கப் நுரையோடு இறங்கும், அடுத்த கப் சவசவ என்று வரும். சர்வீஸ் ஆள் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பாறை! பல நிறுவனங்களின் வாரன்டியில் உப்புப் படிவுக்கு இடமே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

நம் பித்தளை ஃபில்டருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வெந்நீரை ஊற்றினால் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். எஸ்பிரெஸோ கதையே வேறு. சுமார் 9 பார் அழுத்தத்தில், 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, இறுக்கி வைத்த காபித்தூளுக்குள் அரை நிமிடத்துக்குள் தள்ளவேண்டும்.

1961ல் இத்தாலியின் ஃபேமா நிறுவனம் ‘இ61’ என்ற மெஷினைக் கொண்டு வந்தது. அதுவரை பெரும்பாலும் கையால் லீவரை இழுத்துத்தான் அழுத்தம் கொடுத்தார்கள். இ61ல் அந்த வேலையை மின்சார பம்ப் எடுத்துக்கொண்டது. தெருக்குழாய்த் தண்ணீரை நேராக வாங்கி அழுத்தித் தள்ளியது. இன்றைய பெரிய மெஷின்கள் பலவும் அந்த வழிதான். எந்நேரமும் ஒரே அழுத்தத்தில் தண்ணீர் வரும் ஊர்க் குழாயை நம்பிச் செய்த சாதனம் அது. நம் ஊரிலோ தண்ணீர் முதலில் சம்ப்புக்கு வரும், மோட்டார் போட்டால் மாடிக்குப் போகும், பிறகுதான் குழாய்க்கு இறங்கும்.

10 மீட்டருக்கு 1 பார்

கணக்கு சுலபம். டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை என்றால் 1 பாருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். டேங்குக்கு நேர் கீழே, மேல் மாடியில் கடை என்றால் 0.3 பார் தேறினாலே பெரிது. பல மெஷின்களின் கையேடு கேட்பது குறைந்தது 2 பார்.

அந்த 1 பாரும் குழாயை மூடி வைத்திருக்கும்போது காட்டும் கணக்குதான். தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொரு எல்போவும், ஒவ்வொரு ஃபில்டரும் தன் பங்குக்கு அழுத்தத்தைத் தின்னும். அதே டேங்கில் மேல் வீட்டுக்காரர்களும் குளிக்கிறார்கள் என்றால், காலை 8 மணிக்கு, கடையில் கூட்டம் நெருக்கும் நேரத்தில், அழுத்தம் இன்னும் இறங்கும்.

மெஷினில் இருக்கும் ரோட்டரி பம்ப் தள்ளுவதில் சூரன், உறிஞ்சுவதில் சுமார். வரவேண்டிய தண்ணீர் வராவிட்டால் உள்ளே குமிழிகள் உண்டாகி வெடிக்கும். அந்த ‘கர்ர்ர்’ அதுதான். பம்பின் தகடுகள் தேயும். லைனில் காற்று புகுந்தால், தண்ணீரை அளக்கும் குட்டிச் சக்கரமும் ஏமாந்துபோகும், கப்புக்குக் கப் அளவு மாறும். டேங்க் காலியாகி பம்ப் வெறுமனே ஓடினால் சில நிமிடங்களிலேயே ஆயுள் முடிந்துவிடலாம்.

தீர்வு பெரிய செலவில்லை. டேங்கில் இருந்து மெஷினுக்கு மட்டும் தனி லைன். அதில் ஒரு சிறிய பிரஷர் பம்ப், தண்ணீர் இல்லாவிட்டால் தானே நின்றுவிடும் வசதியோடு. பக்கத்தில் ரப்பர் பை வைத்த சின்ன பிரஷர் டேங்க். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு கப்புக்கும் பம்ப் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று துடித்துக்கொண்டே இருக்கும். மெஷினுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ். அழுத்தம் விழுந்தால் மெஷின் பம்பின் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொண்டால் நிம்மதி.

பலரும் இடறுவது ஃபில்டரில். நுண்ணிய ஃபில்டரை பம்புக்கு முன்னால் மாட்டினால், அடைப்பு ஏற ஏற அந்த பம்பும் பட்டினி கிடக்கும். முன்னால் சாதாரண வலை போதும். நுண் ஃபில்டர், கார்பன், சாஃப்ட்னர் எல்லாம் பின்னால். ஒன்று முக்கியம்: பம்ப் உங்கள் டேங்கில் இருந்துதான் எடுக்கவேண்டும். குடிநீர் வாரியக் குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பது சட்டவிரோதம்.

டேங்கில் இருப்பது எந்தத் தண்ணீர்?

அழுத்தத்தைக் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். தண்ணீரின் குணம்தான் நிஜமான தலைவலி. சென்னையில் ஒரே டேங்குக்குள் திங்கட்கிழமை மெட்ரோ வாட்டர், புதன்கிழமை போர் தண்ணீர், வெள்ளிக்கிழமை லாரித் தண்ணீர். மெட்ரோ வாட்டரிலேயே ஏரித் தண்ணீரும் உண்டு, மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்ததும் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது நகரமே லாரிக்குக் காத்திருந்தது நினைவிருக்கும். அன்று யார் டேங்கில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்!

வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் படலம்தான் மெஷினின் எதிரி. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூட்டில் சுண்ணாம்பாகப் படிகிறது. அண்டாவைச் சுரண்டிவிடலாம். மெஷினுக்குள் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் இருக்கின்றன.

குடிப்பதற்கு நல்ல தண்ணீர் மெஷினுக்கும் நல்லது என்று நினைக்கவேண்டாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. காபிக்கு ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் வைத்த இலக்கு 150. எடைக்கு எடை வேறு உலகம்!

‘அப்படியானால் ஆர்.ஓ. போட்டுவிடலாமே?’ போடலாம். ஆனால், அதை அப்படியே விடக்கூடாது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கம்பி, தண்ணீரில் பாயும் மின்சாரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தாது உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. ‘இன்னும் நிரம்பவில்லை’ என்று நினைத்து மெஷின் நிரப்பிக்கொண்டே போகும். ஸ்டீம் குழாயில் ஆவிக்குப் பதில் வெந்நீர் கொட்டும். உலோகத்தையும் அரிக்கும், ருசியும் எடுபடாது. காபித்தூளில் இருந்து சுவையைப் பிரித்தெடுக்கக் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் தேவை. அதனால் ஆர்.ஓ. தண்ணீரோடு, ஃபில்டர் செய்த சாதாரணத் தண்ணீரை அளவாகக் கலக்கும் வால்வு வேண்டும்.

சாஃப்ட்னர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் மீட்டர் அதே எண்ணைக் காட்டுகிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது அப்படித்தான் காட்டும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ‘ஹார்ட்னஸ் கிட்’தான் சரி. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடையும் சாஃப்ட்னர் தொடாது. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாய்லரைத் துளைத்துவிடும். அங்கே ஆர்.ஓ. தவிர வேறு வழி இல்லை.

மே மாதத்துக்கென்று தனியாக ஒரு சங்கதி. பல ஃபில்டர் கார்ட்ரிட்ஜ்களில் தண்ணீரின் வெப்ப உச்சவரம்பு 30 டிகிரி என்று இருக்கும். கத்திரி வெயிலில் மாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்தானே! கடைக்குள் நிழலில் 100, 200 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்து, அதில் இரவே நிரப்பி, அங்கிருந்து பம்புக்குக் கொடுப்பது என் கணிப்பில் நம் ஊருக்குப் பொருத்தமான வழி. லாரி வராத நாளுக்கும் அது கைகொடுக்கும்.

சின்னக் கடை, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கப்தான் என்றால் 20 லிட்டர் கேனும், அதில் இருந்து இழுக்கும் சின்ன டயாஃப்ரம் பம்பும் போதும். கேன் பிராண்ட் மாறினால் மட்டும் தண்ணீரை ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தது என்று பிளம்பர் சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு குரூப்பையும் ஒன்றாக ஓடவிட்டு, வெந்நீர்க் குழாயையும் திறந்து, கேஜைப் பாருங்கள். முள் 2 பாருக்குக் கீழே இறங்கினால், அவரை இன்னும் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். காபி கொடுங்கள்... ஃபில்டர் காபி!