கொடுவா பிடிக்க எந்த இரை நல்லது?

பழவேற்காடு, வெள்ளாறு போன்ற கழிமுகங்களை ஒட்டி நிலம் உள்ள சிறு விவசாயிகள், வயல் வேலை ஓய்ந்த நாட்களில் தூண்டில் போடுவதுண்டு. காசு கொடுத்து இறால் வாங்கியும் சிலர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். குறை பெரும்பாலும் இரையில்தான் இருக்கிறது.

கொடுவா, ஓடும் இரையைப் பாய்ந்து பிடிக்கும் மீன். எனவே செத்த இறாலைவிட உயிருள்ள இறாலே சிறந்தது. விரல் நீள மடவைக் குஞ்சும் ஏற்றதே. இறாலை வாலருகே ஒரு கணுவில் கோர்க்கவும். தலையிலுள்ள கரும்புள்ளியில் முள் பட்டால் உடனே செத்துவிடும். மடவையை முதுகுத் துடுப்பின் கீழ், நடு முள்ளில் படாமல் கோர்க்க வேண்டும்.

இரையைக் கழிமுக நீரிலேயே நிழலில் வைத்து, நீரை அடிக்கடி மாற்றவும். கிணற்று நீரில் விட்டால் துவண்டுவிடும். கிழங்கானுக்கு உயிர் இறால் வேண்டாம். அது மணலைக் கிளறி மேய்வதால் சேற்றுப்புழு போதும்.

கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. சிறியவற்றை இன்றே பிடித்துவிட்டால் நாளை முட்டையிடத் தாய் மீன் இராது. ஆகவே, சிறு மீன் மாட்டினால் முள்ளை மெல்ல எடுத்து நீரில் விட்டுவிடுங்கள்.