ஐஸ் பெட்டியில் உப்பு போடலாமா?

வாரம் இருமுறை எங்கள் தோட்டத்துக் கீரையையும் பாலையும் டவுனுக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு மணி நேரப் பயணம். போன கோடையில் ஐஸ் கடையில் ஒருவர், "ரெண்டு படி கல்லுப்பு தூவிடுங்கண்ணே, ஐஸ் சீக்கிரம் கரையாது" என்றார். தூவினேன். போய்ப் பெட்டியைத் திறந்தால் பால் பாட்டில்கள் பாதி உறைந்திருந்தன. அரைக்கீரை விறைத்துக் கிடந்தது. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் வேகவைத்தது போலக் குழைந்து கறுத்துவிட்டது. ஐஸும் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது. "பால்ல என்னங்க கலந்தீங்க?" என்று வாடிக்கையாக வாங்கும் அம்மா கேட்டார். நஷ்டத்தைவிட அந்தக் கேள்விதான் உறைத்தது.

கடையில் சொன்னது தலைகீழ். உப்பு ஐஸைக் காக்காது, வேகமாகக் கரைக்கும்.

ஒரு கிலோ ஐஸ் கரைவதற்குத் தேவையான வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிவரை காய்ச்சிவிடலாம். அவ்வளவு சூட்டையும் ஐஸ் சுற்றியிருக்கும் பொருளிடமிருந்து உறிஞ்சுகிறது. பால் குளிர்வது அதனால்தான். வெறும் ஐஸ் 0 டிகிரியில் கரையும். அதன் மேலிருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கரைவதும் கொஞ்சம் திரும்ப உறைவதுமாக இருக்கும். அந்தத் தண்ணீரில் உப்பு கலந்துவிட்டால் திரும்ப உறைவது தடைப்படும், கரைவதுதான் மிஞ்சும். கரையத் தேவையான சூட்டைக் கலவை தன்னிடமிருந்தே எடுப்பதால் 0-க்கும் கீழே இறங்குகிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டால் மைனஸ் 20 வரைகூடப் போகும். குல்ஃபிக்காரர் பானையில் உப்பு போடுவது இதற்குத்தான். பாலோ மைனஸ் அரை டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். கீரைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் திசுக்கள் கிழிந்துபோகும், பிறகு நிமிராது.

ஆக, உப்பால் ஐஸின் மொத்தக் குளிர்ச்சி கூடுவதில்லை. நாள் முழுக்கச் செலவாக வேண்டியது கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸ் போட்டு, ஒன்றில் மட்டும் உப்பைக் கலக்கிப் பாருங்கள். உப்பில்லாததன் வெளிப்பக்கம் வியர்க்கும். மற்றதில் வெள்ளையாக உறைபனி படியும்.

இப்போது உப்பு போடுவதில்லை. ஐஸை நொறுக்காமல் பாளமாகவே வாங்கிச் சணல் சாக்கில் சுற்றி வைக்கிறேன். பெட்டியைச் சுற்றி உமி மூட்டை. கீரைக்கும் ஐஸுக்கும் நடுவே ஈரத்துணி.

ஒன்று மறந்துவிட்டேன். குல்ஃபி, ஐஸ்கிரீம் செய்து பார்ப்பவர்கள் மிஞ்சும் உப்புத்தண்ணீரை மண்புழுத் தொட்டிப் பக்கமோ பாத்தியிலோ ஊற்றிவிடாதீர்கள். புழு செத்துவிடும்.