குதிரைப் பந்தியும் உயிர்ப்புக் காற்றும்

குதிரை, தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் கடல்கடந்து வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, நீர்வழி வந்த புரவியையே முதற்கண் வைக்கின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரரின் வரலாறும், நரி பரியாகிய திருவிளையாடலும் யாவரும் அறிந்தன. அரசின் கருவூலத்தையே வெறுமையாக்கவல்ல அவ்வரிய விலங்கு, வந்திறங்கிய பின் எவ்வாறு பேணப்பட்டது? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை மகிழ்ச்சிக்குரியதன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறும் எஞ்சுவதில்லை என்றும் எழுதுகின்றார். பேணும் முறை அறியாமையும் குதிரை மருத்துவர் இன்மையுமே காரணம் என்பது அவர் கூற்று. அவர்க்குச் சற்றே பிற்பட்ட பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், வந்த குதிரைகளை நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் பந்தியிற் பிணித்து, வறுத்த தானியத்தையும் நெய்யையும் காய்ச்சிய பாலையும் ஊட்டிக் கொழுக்கவைத்தனர் என்கின்றார். இவர்கள் தரும் எண்ணிக்கையை அப்படியே கொள்ளவேண்டுவதில்லை. அக்குதிரைகள் எந்நோயால் மாண்டன என்பதும் அவற்றால் விளங்கவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. குதிரைக்கு நன்மையென்று கருதிச் செய்வனவே அதற்குத் தீமையாய் முடிதல் கூடும். இவ்வுண்மை சுவாச நோயின்கண் மிக நன்கு விளங்கும்.

குதிரை மூக்கினால் மட்டுமே உயிர்க்கும். மனிதரைப்போல வாயினால் உயிர்க்க அதற்கு இயலாது. ஓய்ந்து நிற்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முறை மூச்சு வாங்கும். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 5 லீற்றர் காற்று உட்செல்லும். அஃதாவது நிமிடத்துக்கு 60 லீற்றர். பாய்ந்தோடுங்கால் இஃது 1,500 லீற்றர்வரை உயரும். எனவே பந்தியின் காற்றில் எது கலந்திருப்பினும் அது பேரளவில் நுரையீரலை அடையும்.

அங்ஙனம் அடைவனவற்றுட் கொடியது உலர்புல்லிலும் வைக்கோலிலும் உள்ள தூசி. ஈரம் முற்றும் புலராமுன் கட்டிவைத்த புல்லிற் பூஞ்சணம் பற்றும். அதன் வித்திகள் கண்ணுக்குப் புலனாகா. மூச்சுக்குழலின் நுண்கிளைகள்வரை செல்லும். சில குதிரைகளில் அவை ஒவ்வாமையை விளைத்து, குழல்களைச் சுருக்கிச் சளியால் அடைக்கும். தொடக்கத்தில் தீவனம் உண்ணும்போது சிறு இருமல் தோன்றும். பின்னர்க் குதிரை வேலையில் விரைந்து களைக்கும். நோய் முற்றியபின் நிற்கும்போதே மூக்குத்துளை விரிய, வயிறு எக்கி எக்கி மூச்சுவிடும். மனிதர்க்கு வரும் தொய்வு நோயை ஒத்ததாகலின் இக்கால மருத்துவர் இதனைக் குதிரை ஆஸ்துமா என்பர். குழலை விரிக்கும் மருந்தும் அழற்சியைத் தணிக்கும் மருந்தும் உள. எனினும் தூசி நீங்காதவிடத்து மருந்தின் பயன் நிலையாது; அதனை நிறுத்தியதும் நோய் மீளும். எனவே நோய்க்கு மருந்து தேடுவோர் முதலிற் பந்தியையே நோக்குதல் வேண்டும்.

முதலாவது, தீவனம். பூஞ்சண நாற்றமுள்ள புல்லை அறவே விலக்குக. நல்ல புல்லையும் பத்து முதல் முப்பது நிமிடம் நீரில் அமிழ்த்தி, நீர் வடிந்தவுடன் கொடுத்தால் தூசி எழாது. நம் நாட்டு வெப்பத்தில் நனைந்த புல் விரைவிற் கெடுமாகையால், உண்டு எஞ்சியதை அன்றே அகற்றுதல் வேண்டும். பசும்புல் கிடைப்பின் இத்தொல்லை இல்லை. குதிரையின் தலைக்கு மேலுள்ள பரணில் வைக்கோலைச் சேமித்தல் தவறு. படுக்கைக்குத் தூசியுள்ள வைக்கோலினும் தூசி நீக்கிய மரச்சீவல் நன்று. ஒரு கொட்டிலை மட்டும் திருத்தி அடுத்த கொட்டிலை விட்டுவிட்டாற் பயனில்லை. இரண்டும் ஒரே காற்றையே பகிர்கின்றன. கூட்டுங்காற் குதிரையை வெளியே கட்டி, தூசி அடங்கிய பின்னரே உள்ளே விடுக.

இரண்டாவது, அமோனியா. சிறுநீர் ஊறிய படுக்கையினின்று எழும் இவ்வாயு மூச்சுக்குழலின் மென்படலத்தை அரிக்கும். நிற்கும் மனிதன் மூக்குக்கு அது புலனாகாதிருக்கலாம். படுத்திருக்கும் குதிரையின் மூக்கோ தரையருகே உள்ளது. ஆகவே பந்தியைச் சோதிப்போன் குனிந்து முகர்ந்து பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, காற்றோட்டம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், பந்தியின் அகலம் குதிரை நீளத்தின் இருமடங்காக வேண்டும் என்றும், நாற்றிசையும் வாயிலும், நடுவே குதிரை புரள இடமும், சிறுநீரும் இலத்தியும் நீங்க வழியும் அமைக்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. இக்கால அறிவும் இதனையே வலியுறுத்துகின்றது. குதிரையின் உடல்வெப்பத்தால் மேலெழும் காற்று முகட்டின் வழியே வெளியேற, பக்கத் திறப்புகளின் வழியே புதுக்காற்று உட்புகல் வேண்டும். குளிருக்கும் மழைக்கும் அஞ்சிக் கதவடைப்பது குதிரையை நோய்க்குக் காவல்வைப்பதாம்.

நான்காவது, தலை தாழ்த்தும் உரிமை. மேயுங்காற் குதிரை தலையைத் தாழ்த்துதலால் சளியும் கிருமியும் மூச்சுக்குழலினின்று வழிந்து நீங்கும். தலையை உயர்த்திக் கட்டிவைப்பின் ஒரு நாளுக்குள்ளாகவே அங்குக் கிருமிகள் பெருகுதல் ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. நீண்ட பயணத்தின் பின் குதிரைகட்கு நுரையீரற் காய்ச்சல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தீவனத்தைத் தாழ்ந்த தொட்டியில் இடுக. மணற்றரையில் இட்டால் மணலையும் உண்டு வயிற்றுநோவு உறும்.

ஐந்தாவது, புதுவரவு. தாடையின்கீழ்க் கணுக்கள் வீங்கிச் சீழ்கொள்ளும் தொற்றுநோய் போல்வன புதிய குதிரையோடு வரும். மூன்று கிழமையேனும் அதனைத் தனியே வைத்தல் நலம்.

இவற்றைத் தலவில போன்ற கரைக்குப் பொருத்திக் காண்போம். மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்திற் காற்றுக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மணலையும் உடன்வாரி வருவதே குறை. அதற்காக நாற்புறமும் சுவர் எழுப்பவேண்டுவதில்லை. குதிரையின் வயிற்றளவுக்குச் சுவரும், அதன்மேல் முழுத் திறப்பும், முகட்டிற் சிறு இடைவெளிவிட்டு உயர்த்திய மேற்கூரையும், காற்று வரும் பக்கத்திற் சில அடி தள்ளி ஒரு கிடுகு வேலியும் போதும். வேலி மணலைத் தடுக்கும். காற்றைத் தணித்து உள்ளே விடும். வெப்பம் தாக்காத கிடுகுக் கூரையே இங்கு ஏற்றது. உக்கித் தூள் உதிருமுன் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். கழுதை வளர்ப்போர்க்கும் இம்முறை பொருந்தும்.

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலக் குதிரை இலாயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். முற்காலத்தில் அத்தீவில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் கூரையின்றி வெளியிலே மேய்கின்றன. வறட்சியில் நீரின்றி அவை படும் துன்பம் பெரிது. எனவே அவ்வாழ்வு குறைவற்றதென்று கொள்ளற்க. ஆயினும் வீசுங் காற்றில் தலைதாழ்த்திப் புல் மேய்தலே குதிரையின் நுரையீரலுக்கு இயற்கை வகுத்த நெறி. மனிதன் கட்டும் பந்தி அந்நெறிக்கு எத்துணை அணித்தாய் அமைகின்றதோ, அத்துணை நன்று. அதனைச் செய்யப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாள்தோறும் தளராத கவனமே வேண்டும்.