லெந்து காலத்து மூன்று சுவிசேஷ பாகங்கள்

திருச்சபையின் ஆண்டு வட்டத்தில் லெந்து எனப்படும் தபசுகாலம், சாம்பற் புதனன்று தொடங்கி ஈஸ்டர்த் திருநாளுக்கு முன்னாள் வரை நிகழ்வது. இடையிலுள்ள ஆறு ஞாயிறுகளையும் நீக்கிக் கணக்கிட்டால் அது நாற்பது நாட்களாகும். கி.பி. 325-இல் நிசேயாவிற் கூடிய சங்கத்தின் விதிகளிலேயே இந்நாற்பது நாட்களைப் பற்றிய குறிப்புக் காணப்படுகிறது. இதனை உபவாசத்திற்குரிய காலமென்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். ஆயினும் ஆதித் திருச்சபையில் இது கல்விக்குரிய காலமாகவும் இருந்தது. ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெறவிருந்தோர் இந்நாட்களில் உபதேசம் கேட்டு ஆயத்தமாயினர். அவர்கள் பொருட்டு வாசிக்கப்பட்டவற்றுள் யோவான் சுவிசேஷத்தின் 4, 9, 11-ஆம் அதிகாரங்கள் சிறப்புடையன. ரோமச் சபை 1969-இல் வெளியிட்ட அட்டவணையும், 1992-இல் வெளிவந்து பல புரொட்டஸ்டாண்டு சபைகள் கைக்கொள்ளும் பொது அட்டவணையும், மூவாண்டுச் சுற்றின் முதலாண்டில் லெந்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளுக்கு இவற்றையே விதித்துள்ளன. இம்மூன்றும் நமக்குக் கற்பிப்பன யாவை என்பதை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

முதலாவது, யாக்கோபின் கிணற்றண்டை நிகழ்ந்த உரையாடல். நண்பகல் வேளை, வழிநடையால் இளைத்த இயேசு ஒரு சமாரிய ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. ஆகவே அவள் வியந்து வினவுகிறாள். ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வந்தவர், முதலில் அவள் கையினின்று வாங்க முன்வருகிறார் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. தாழ்ந்தோர்க்கு ஈவது எளிது. அவர்களிடம் ஏற்பது அரிது. கிணறுகளையும் குளங்களையும் பெயர் கூறியே, சாதி முதலியவை காரணமாக அவற்றை ஒருவருக்கும் மறுக்கலாகாதென்று 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியற் சாசனத்தின் 15-ஆம் விதி உரைக்கவேண்டியிருந்தது. அத்தகைய நாட்டிற் பிறந்த நாம் இப்பாகத்தை அயலார் கதையாக வாசித்தல் இயலாது.

இரண்டாவது, பிறவிக் குருடன் பார்வையடைந்த வரலாறு. அவன் கண்களைக் கழுவிய சீலோவாம் குளத்தின் கற்படிகள், 2004-ஆம் ஆண்டில் எருசலேமிற் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்தபோது வெளிப்பட்டன. அற்புதத்தைச் சொல்லும் வசனங்கள் சிலவே. அதன்பின் நிகழ்ந்த விசாரணையோ அதிகாரம் முழுவதும் நீள்கிறது. கற்றோர் வினவுகின்றனர், பெற்றோர் அஞ்சி மகன்மேலேயே பொறுப்பைச் சுமத்துகின்றனர். அவனோ தான் அறிந்த ஒன்றை மட்டும் கூட்டாமலுங் குறைக்காமலும் மொழிகிறான். இயேசுவை முதலில் ஒரு மனிதர் என்கிறான். பின் தீர்க்கதரிசி என்கிறான். ஈற்றில் பணிந்து விசுவாசிக்கிறான். கேள்விகள் அவனை வளர்த்தன, கேட்டவர்களையோ கடினப்படுத்தின. காரணம் யாது? அவர்கள் விடையை முன்னரே தீர்மானித்துக்கொண்டு வினவினர். கல்லூரியிற் பயிலும் நமக்கு இதனினும் நேரிய எச்சரிக்கை வேண்டுவதில்லை. நூல் பல கற்றும், கண்முன் நிற்கும் உண்மை நம் கருத்துக்கு மாறானதெனின் அதனைக் காண மறுத்தல் கூடும்.

மூன்றாவது, பெத்தானியாவில் லாசரு எழுப்பப்பட்டது. நான்கு நாட் சென்ற பிரேதக் குழியண்டை இயேசு கண்ணீர் விடுகிறார். அவர் மூன்று கட்டளைகள் இடுகின்றார். கல்லை அகற்றும்படியும், கட்டுகளை அவிழ்க்கும்படியும் சுற்றிநின்றோர்க்குக் கூறுகிறார். வெளியே வரும்படி மரித்தவனை அழைக்கிறார். உயிரளித்தல் அவர் செயல். கல்லைப் புரட்டுதலும் கட்டவிழ்த்தலும் மனிதர் செயல். இவ்வற்புதத்தின் பயனாகவே ஆலோசனைச் சங்கத்தார் அவரைக் கொலைசெய்யத் தீர்மானித்தனரென்று அவ்வதிகாரமே கூறுகிறது. நண்பனின் உயிருக்கு ஈடாகத் தம் உயிரை வைக்கும் வழியில் அவர் செல்கிறார்.

தாகம், பார்வை, உயிர் என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்கின்றன. தன் தேவையை உணராதவன் ஒளியை நாடான். ஒளி பெறாதவன் பிறர் கட்டுகளைக் காணான். ஒருவேளை உணவை விடுத்தல் லெந்து காலத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. நாம் யாரிடம் தண்ணீர் வாங்கத் தயங்குகிறோம், எவ்வுண்மையைக் காண மறுக்கிறோம், யாருடைய கட்டை அவிழ்க்காது நிற்கிறோம் என்று இந்நாற்பது நாட்களில் நம்மை நாமே வினவுவோமாக. ஆதி மாணாக்கர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகக் கற்ற பாடம் இதுவே.