அர்ஜுனன் கண் போதுமா?

முதுகெலும்பில் ஆபரேஷன் என்றால் கை தேர்ந்த டாக்டருக்கே கொஞ்சம் படபடப்புத்தான். எலும்புக்குள் திருகாணி செலுத்த வேண்டும். பாதையோ தண்டுவடத்தை ஒட்டிய குறுகலான பாதை. சில மில்லிமீட்டர் வழி தவறினால் போதும், நரம்பு சேதமாகிவிடலாம்! வழி காட்டும் படம் பக்கத்திலுள்ள திரையில் தெரியும். ஆக, டாக்டருக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

அந்தப் படத்தைக் கண்ணெதிரிலேயே கொண்டு வந்துவிட்டால்?

கொண்டு வந்துவிட்டார்கள்! அமெரிக்காவில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், 2020 ஜூன் 8-ம் தேதி டாக்டர் டிமோதி விதம் ஒரு விசித்திரமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோயாளியின் முதுகெலும்பில் 6 திருகாணிகளைப் பொருத்தினார். இரண்டு நாள் கழித்து, அதே கண்ணாடியின் துணையுடன் இன்னொருவரின் முதுகெலும்பிலிருந்து புற்றுநோய்க் கட்டி அகற்றப்பட்டது.

இது என்ன மாயம் என்கிறீர்களா? மாயமில்லை, கணக்குத்தான். நோயாளியின் எலும்போடு ஓர் அடையாளக் குறியை இறுக்கிப் பொருத்தி, சி.டி. ஸ்கான் எடுக்கிறார்கள். கருவியிலும் ஒரு குறி உண்டு. டாக்டரின் தலையிலுள்ள காமிரா இரண்டையும் இமைக்காமல் கவனிக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு, ஸ்கான் படத்தை அதற்குரிய இடத்தில் காட்டுகிறது. தோலையும் சதையையும் ஊடுருவி எலும்பு தெரிவது போலவே இருக்கும்!

ஆனால், துரோணர் வைத்த பரீட்சை நினைவிருக்கிறதல்லவா? அர்ஜுனனுக்கு மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை. பறவையின் தலைதான் தெரிந்தது. வில்லாளிக்கு அது பெருமை. டாக்டருக்கு?

2013-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயிரற்ற உடலில், எண்டாஸ்கோப் குழாய் மூலம் 32 நிபுணர்கள் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். 15 பேருக்குப் படத்தின் மேலேயே வழிகாட்டும் கோடுகள். 17 பேருக்கு வெறும் படம். கோடுகளைப் பார்த்தவர்கள் இலக்கை அதிகத் துல்லியமாகத் தொட்டார்கள். சபாஷ்! ஆனால் இலக்குக்குப் பக்கத்திலேயே யாரும் எதிர்பாராத ஒரு திருகாணியை வைத்திருந்தார்கள். வெறும் படம் பார்த்த 17 பேரில் 7 பேர் அதைக் கண்டுகொண்டார்கள். கோடு பார்த்த 15 பேரில்? ஒரே ஒருவர்!

இத்தகைய திரையை அமைப்பவர்களின் தலைவலி இப்போது புரிகிறதா? ரத்தம் கசியும் இடத்தை மறைக்காத மெல்லிய கோடு வேண்டும். வேண்டாதபோது சட்டென்று அணைகிற படம் வேண்டும். மேஜை மேல் மயங்கிக் கிடக்கும் நோயாளிக்குப் பறவையும் முக்கியம், மரமும் முக்கியம்!